வீட்டு வெக்கை: வாசகர் கேள்வி பதில்

தகரக் கூரை வீடு. அடியில் பலகைத் தட்டு எதுவும் இல்லை. காலை பத்து மணிக்கே உள்ளே உட்கார முடியவில்லை. கூரைமேல் சாக்கு விரித்துத் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறார்கள், சிலர் வெள்ளை அடிக்கச் சொல்கிறார்கள். எது நல்லது?
– வாசகி, தாம்வே, யாங்கோன்

சாக்கு வேண்டாம். ஈரம் தங்கும் இடமெல்லாம் தகடு துருப்பிடிக்கும். காய்ந்துவிட்டால் ஒரு தீப்பொறி போதும். ஏப்ரலில் நம் பக்கம் தீ எப்படிப் பரவும் என்று உங்களுக்குத் தெரியும்.

யாங்கோனில் மே முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் தலைக்கு நேராக நிற்கும். அதனால் கோடையில் சுவரைவிடக் கூரைக்குத்தான் அடி அதிகம். பழைய துருத் தகடு நல்ல வெயிலில் 60 டிகிரியைத் தாண்டிவிடும். மதியத்தில் உள்ளே நின்று கையை மேலே தூக்கிப் பாருங்கள், உள்ளங்கையில் அனல் உறைக்கும். அது காற்றின் சூடு இல்லை, தகடு கீழ்நோக்கி வீசும் வெப்பம். மின்விசிறி அதைத் தடுக்காது.

கையில் இருக்கும் பணத்தை முதலில் வெள்ளைப் பெயின்டுக்குச் செலவிடுங்கள். கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். துரு இருந்த இடத்தில் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு பூசுங்கள். மேலே தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கூரைப் பெயின்ட் இரண்டு பூச்சு. புதிய ஜிங்க் தகட்டில் எண்ணெய்ப் பெயின்டை நேரடியாக அடித்தால், அது துத்தநாகத்தோடு வினைபுரிந்து ஓரிரு வருடத்தில் செதில் செதிலாக உரியும். 600 சதுர அடிக் கூரைக்கு, தகட்டு நெளிவையும் சேர்த்து, இரண்டு பூச்சுக்குச் சுமார் 18 லிட்டர் ஆகும். விடிந்ததும் தொடங்கி, தகடு சுடுவதற்குள் நிறுத்திவிடுங்கள். சுட்ட தகட்டில் பெயின்ட் பிடிப்பதற்கு முன்பே காய்ந்துவிடும். மே நடுவில் மழை இறங்கும் முன் வேலை முடிந்திருக்க வேண்டும். மழைக்காலம் போனதும் பாசியைக் கழுவுங்கள், அழுக்கேறினால் வெள்ளையின் பயன் குறைந்துவிடும்.

இன்னும் பணம் இருந்தால் வெள்ளித்தாள் ஒட்டிய பாய். இதில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள். தகட்டோடு ஒட்டி வைத்தால் வெள்ளித்தாள் வேலை செய்யாது, பளபளப்புக்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும். கூரைச் சட்டங்களின் அடிப்பக்கத்தில், பளபளப்பு கீழே பார்க்கும்படி அடியுங்கள். மேலே பார்த்தால் தூசி படிந்து மங்கிவிடும். தகட்டுக்கும் பாய்க்கும் நடுவே குறைந்தது 2 அங்குலம் விடுங்கள். இறவாரத்திலும் முகட்டிலும் அந்த இடைவெளியை அடைக்காதீர்கள், சூடான காற்று மேலேறி வெளியே போக அதுதான் வழி. அடிக்கும் முன் மெயினை அணைத்துவிடுங்கள். வெள்ளித்தாளில் மின்சாரம் பாயும், ஓர் ஆணி ஒயரில் பட்டால் கூரை முழுவதும் ஷாக் அடிக்கும்.

*

மாண்டலேயில் இருக்கும் அண்ணன் வீட்டில் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் அருமையாகக் குளிர்கிறது. அதே மாதிரி வாங்கி இங்கே வைத்தால் வீடு பிசுபிசுக்கிறது. மிஷினில் கோளாறா?
– வாசகர், பாசுண்டாங், யாங்கோன்

மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது, ஊர்க் காற்றுதான் வேறு. ஈரம் ஆவியாகும்போதுதான் காற்று குளிரும். மாண்டலேயில் 40 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் அந்தக் காற்றை ஏறக்குறைய 23 டிகிரிவரை குளிர வைக்கலாம். சாதாரண கூலர் அதில் முக்கால் தூரம் போகும், 27, 28 டிகிரிக் காற்று வரும். யாங்கோனில் 36 டிகிரியும் 60 சதவீதமும் என்றால் எல்லையே 29 டிகிரி. கூலர் கொடுப்பது 31 டிகிரிக் காற்று, அதுவும் ஈரம் நிறைந்தது. வியர்வை காயாது.

ஜன்னலை மூடிவிட்டுக் கூலர் ஓட்டினால் மாண்டலேயிலும் இதே கதைதான். எதிர்ப்பக்க ஜன்னல் ஒன்று திறந்திருக்க வேண்டும். யாங்கோன்காரர்கள் அந்தப் பணத்தைக் கூரையில் போடலாம்.

*

பகலில் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா?
– வாசகி, பெகு

செங்கல் வீடென்றால் காலை ஒன்பதுக்கு மூடி, வெளியே குளிர்ந்தபின் திறந்து இரவெல்லாம் விடுங்கள். மரம், மூங்கில், தகர வீடென்றால் திறந்தே இருக்கட்டும். அந்தச் சுவர்கள் குளிர்ச்சியைப் பிடித்து வைக்காது, மூடினால் புழுங்கும். மேற்கு ஜன்னலுக்கு மூங்கில் தட்டியை வெளிப்பக்கம் ஓர் அடி தள்ளித் தொங்கவிடுங்கள். உள்ளே போடும் திரை வெயிலைக் கண்ணாடி தாண்டி வந்த பிறகுதான் தடுக்கிறது.

*

கரண்ட் மணிக்கணக்கில் வருவதில்லை. அம்மாவுக்கு வயது 78. பேட்டரி ஃபேன் போதுமா?
– வாசகர், மாக்வே

12 வோல்ட், 15 வாட் டிசி ஃபேன் வாங்குங்கள். இன்வெர்ட்டர் நடுவில் வந்தால் பேட்டரியில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். யுபிஎஸ்ஸில் வரும் 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, அதனால் மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகவே ஓடும். 20 ஆம்பியர்-மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரி பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். கார் பேட்டரி வேண்டாம். ஆழமாக இறக்கி ஏற்றினால் சில மாதத்தில் செத்துவிடும்.

ஆனால் உங்கள் ஊருக்கு ஃபேன் மட்டும் போதாது. 2024 ஏப்ரல் 28 அன்று உங்கள் மாக்வே பிராந்தியத்துச் சவுக் நகரில் 48.2 டிகிரி பதிவானது. 40 டிகிரிக்கு மேல் ஃபேன் வீசுவது உடம்பைவிடச் சூடான காற்று. வயதானவர்களுக்கு வியர்வையும் குறைவு, ஃபேன் மட்டும் ஓடினால் உடம்பு இன்னும் சூடேறும். அம்மாவின் கழுத்து, கை, கால்களை ஈரத் துணியால் துடைத்து, தோல் நனைந்திருக்கும்போது ஃபேனை வையுங்கள். காய்ந்தால் மறுபடியும் துடையுங்கள். தாகம் எடுக்கக் காத்திராமல் தண்ணீர் கொடுங்கள். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து சாப்பிடுகிறார் என்றால், அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தாலோ, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மயக்கத்தில் இருக்கும்போது வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.