பூச்சியத்தில் தட்டையாகும் கரண்ட்: சில கேள்விகள்

ஹட்டனில் விடாத மழை, கடைக்கு ஆளே இல்லை. சேர்ந்து கிடந்த பிஎஃப்சி (லைனில் இழுக்கும் கரண்டை வோல்டேஜ் அலையின் வடிவத்துக்கே கொண்டுவரும் சர்க்யூட்) கேள்விகளுக்கு ஆறுதலாகப் பதில் எழுத நேரம் கிடைத்தது.

அண்ணே, 200 வாட் பூஸ்ட் பிஎஃப்சி செய்தேன். ஸ்கோப்பில் கரண்ட் அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் தட்டையாகக் கிடக்கிறது. இரைச்சலைக் குறைக்க, ஏசியை டிசியாக்கும் டயோட் பிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த 0.47 மைக்ரோபராட் கெப்பாசிட்டரை 2.2 ஆக்கினேன், அதனாலா? (கொட்டகலை)

அதேதான் தம்பி. லைன் வோல்டேஜ் பூச்சியத்துக்கு இறங்கும்போது அந்தக் கெப்பாசிட்டரும் கூடவே காலியாக வேண்டும். பெரியதாகப் போட்டால், அதுவும் லோட் குறைந்த நேரத்தில், அதில் கொஞ்சம் வோல்டேஜ் தேங்கி நிற்கும், லைன் அதைத் தாண்டி ஏறும்வரை பிரிட்ஜ் டயோட் திறக்காது, அந்த இடைவெளிதான் நீங்கள் பார்க்கும் தட்டை. பழைய 0.47-ஐயே போடுங்கள். இரைச்சலுக்கு பிரிட்ஜுக்கு முன்னால், ஏசி பக்கம் ஃபில்டர் வையுங்கள். ஆனால் அங்கேயும் கெப்பாசிட்டரை அள்ளிப் போடாமல் கொயிலைக் கூட்டுங்கள். 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸில் 2.2 மைக்ரோபராட் சும்மாவே 0.16 அம்பியர் இழுக்கும். அலை கெடாது, முன்னால் நகரும், அவ்வளவுதான். 200 வாட்டில் 0.87 அம்பியர் ஓடும்போது அது பெரிதாகத் தெரியாது. 40 வாட்டில் லோட் கரண்டே 0.17 தான், பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலை செய்யும் பங்கு, முழுசானால் 1) 0.74-க்கு விழுந்துவிடும். நானும் ஒருகாலத்தில் இதே வேலையைச் செய்துவிட்டு, கொயிலில்தான் பிழை என்று இரண்டு நாள் திரும்பத் திரும்பச் சுற்றியவன்.

மாலையில் லயத்தில் எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கர் போட்டதும் வோல்டேஜ் விழுகிறது. அவுட்புட் ஆடாமல் இருக்க வோல்டேஜ் லூப்பை (அவுட்புட்டைப் பார்த்துத் திருத்தும் சுற்றை) வேகமாக்கினேன், மூன்றாம் ஹார்மோனிக் (லைனின் மூன்று மடங்கு, 150 ஹேர்ட்ஸில் கலக்கும் கரண்ட்) கூடிவிட்டது. (தலவாக்கலை)

கூடத்தான் செய்யும். அவுட்புட் கெப்பாசிட்டரில் 100 ஹேர்ட்ஸ் சிற்றலை எப்போதும் இருக்கும். லூப் வேகமானால் அது எரர் அம்ப்ளிஃபயர் (அவுட்புட் எவ்வளவு விலகியது என்று பார்ப்பது) வழியாக, கரண்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் மல்டிப்ளையருக்குள் நுழையும், அங்கே 50 ஹேர்ட்ஸோடு பெருகினால் 150 பிறக்கும். எரர் சிக்னலில் 1 சதவீத சிற்றலைக்கு அரைச் சதவீதம் மூன்றாம் ஹார்மோனிக் என்று கணக்கு. லூப்பை 10 முதல் 20 ஹேர்ட்ஸுக்குள் இறக்குங்கள். வோல்டேஜ் விழுவதைச் சமாளிக்க லைன் ஃபீட்ஃபோர்வர்ட் (லைன் வோல்டேஜை நேரடியாகப் பார்த்து முன்கூட்டியே திருத்துவது) இருக்கிறது, ஆனால் அதையும் நன்றாக வடிகட்டுங்கள். அங்கே 1 சதவீத சிற்றலை விட்டால் முழுசாக 1 சதவீதம் மூன்றாம் ஹார்மோனிக் வந்து நிற்கும், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

60 வாட் எல்இடி ட்ரைவர், கிரிட்டிக்கல் மோட் (கொயில் கரண்ட் பூச்சியமானதும் மொஸ்ஃபெட் மறுபடி திறக்கும் வகை). ஒன்-டைம் (மொஸ்ஃபெட் திறந்திருக்கும் நேரம்) மாறாமல்தான் இருக்கிறது, இருந்தும் பூச்சியத்தில் நெளிவு. (பண்டாரவளை)

மாறாமல் இருப்பதுதான் சிக்கல். பூச்சியத்துக்குப் பக்கத்தில் மொஸ்ஃபெட்டின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸால் கொயில் கரண்ட் கொஞ்சம் எதிர்ப்பக்கம் ஓடும், அதைச் சரிக்கட்டவே பாதி ஒன்-டைம் போய்விடும். அந்த இடத்தில் மட்டும் ஒன்-டைமை நீட்ட வேண்டும். சில ஐசிகளில் அதற்கு வசதி உண்டு, டேட்டாஷீட்டைப் பாருங்கள்.

பெக்டரியில் அளந்தால் டிஎச்டி (கரண்டில் கலந்த ஹார்மோனிக்குகளின் மொத்த அளவு) 6 சதவீதம், அதே போர்ட் வீட்டில் 3. எதை மாற்றுவது? (நோர்வூட்)

போர்டில் கை வைக்காதீர்கள். முதலில் லைன் வோல்டேஜை ஸ்கோப்பில் பாருங்கள். கொழுந்து வாட்டும் விசிறிகளுக்கு டிரைவ் (வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) போட்டிருந்தால் அலையின் உச்சி சப்பையாக இருக்கும். உங்கள் பிஎஃப்சி லைனைப் பார்த்து வரைகிற பிள்ளை, கோணலைக் காட்டினால் கோணலாகத்தான் வரையும். விசிறிகள் நின்ற பிறகு இன்னொருமுறை அளந்து எழுதுங்கள்.