கடைத்தெருவுக்கு ஒரு முழு நாளா?

கேள்வி: காலாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு மூன்று நாள் மதுரை போகிறோம். நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன், 68 வயது அம்மா. முதல் நாள் மீனாட்சியம்மன் கோயில், மகால். இரண்டாம் நாளுக்கு அழகர்கோவில், பழமுதிர்சோலை, கீழடி, சமணர் மலை, திருப்பரங்குன்றம், தெப்பக்குளம் என்று கார் பேசி வைத்திருக்கிறேன். மூன்றாம் நாள் பிற்பகலில் ரயில். மனைவியும் அம்மாவும் அந்த இரண்டாம் நாளைக் கடைத்தெருவில் சுற்றவும் சாப்பிடவும் விட்டுவிடச் சொல்கிறார்கள். ஈரோட்டுக்காரன் துணி வாங்க மதுரைக்குப் போவதா? ஒரு முழு நாளை இப்படி வீணடிக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் மனைவியும் அம்மாவும் சொல்வதுதான் சரி. நாளை வீணடிக்கப்போவது நீங்கள் பேசி வைத்திருக்கும் கார்.

அழகர்கோவில் ஊருக்கு வடக்கே இருபது கிலோமீட்டர் சொச்சம். கீழடி தென்கிழக்கே. சமணர் மலை மேற்கே, திருப்பரங்குன்றம் தென்மேற்கே. ஒவ்வொன்றுக்கும் ஊரைச் சுற்றியோ ஊருக்குள் புகுந்தோ போய்த் திரும்ப வேண்டும். சமணர் மலையில் மேலே இருக்கும் சிற்பங்களைப் பார்க்கப் பாறையில் வெட்டிய படிகளில் ஏற வேண்டும். நீங்கள் ஏறும் நேரத்தில் அம்மா எங்கே இருப்பார்? காரில். ஆறு இடம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் அம்மா இறங்கி நின்று பார்க்கப்போவது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், இதே தவறை நான் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் என் அம்மாவை வேனில் ஏற்றி ஒரே நாளில் ஏழு கோயில் காட்டினேன். ஐந்தாவது கோயில் வாசலில், "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். போய்விட்டு வந்தோம். அன்று எடுத்த படங்களில் முதல் நாலு கோயிலோடு அம்மா நின்றுவிடுகிறார். அவர் கேட்டது ஒரு பித்தளைக் குத்துவிளக்கு மட்டும்தான். அதற்கு நேரமில்லை என்று சொன்னவன் நான்.

சரி, மதுரைக்கு வருவோம். கடைத்தெரு என்பது ஊரைப் பார்த்து முடித்தபின் மிச்ச நேரத்தில் போகிற இடம் என்று நினைக்கிறீர்கள். மதுரையில் அது பொருந்தாது. கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கு வெளியே மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. சாமி வலம் வரும் வீதிகளில்தான் கடைகளும் இருக்கின்றன. அந்த வெளி வீதிகளே 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்த இடத்தில் வந்தவை. அவர் நினைவாக நிற்பதுதான் விளக்குத்தூண். உங்கள் மனைவி ஜவுளி பார்க்கப் போனால் அங்கேதான் போவார். பக்கத்துச் சந்தில் பத்துத்தூண். திருமலை நாயக்கர் அரண்மனையில் மிஞ்சிய கல்தூண்கள், இன்று சேலைக்கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. மகாலுக்குச் சீட்டு வாங்கிப் பார்க்கும் நீங்கள், அதே அரண்மனையின் இன்னொரு துண்டைச் சேலை வாங்கப் போகிற வழியில் தொட்டுப் பார்க்கலாம்.

அப்புறம், துணி. பவானி ஜமக்காளம் வாங்க உங்கள் பக்கம் வருகிறவரிடம், "உங்க ஊர்லயே போர்வை கிடைக்குமே" என்று யாராவது சொன்னால் உங்களுக்குக் கோபம் வராதா? ஈரோட்டுச் சந்தையில் எல்லாத் துணியும் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுங்குடிச் சேலை மதுரைச் சௌராஷ்டிரர் வீடுகளில் பிறந்தது. துணியை நகக்கண்ணில் துளித்துளியாகக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, அப்படியே சாயத்தில் முக்குவார்கள். கட்டுக்குள் சாயம் போகாது. ஒரு சேலையில் ஆயிரக்கணக்கில் முடிச்சு. கடையில் முடிச்சு அவிழ்க்காத சேலை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், ஒரு முனையை மகளிடமும் மறுமுனையை அம்மாவிடமும் கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள். படபடவென்று நூல் தெறிக்கும், ஒவ்வொரு முடிச்சும் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வெளியே வரும். கையால் கட்டிய புள்ளி அச்சுப்போல வட்டமாக இருக்காது. தடவினால் அந்த இடம் சின்னக் கூம்பாகப் புடைத்திருக்கும். புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில், துணி வழவழவென்று இருந்தால் அது அச்சடித்தது. அதுவும் நல்ல சேலைதான், விலையும் குறைவு. எது எது என்று தெரிந்து வாங்குங்கள், அவ்வளவுதான். ஒன்று சொல்கிறேன், குளிர்சாதன வசதியோடு ஐந்து மாடியில் இருக்கும் பெரிய ஜவுளிக்கடைக்குப் போய்த்தான் நாளைக் கழிப்பீர்கள் என்றால் உங்கள் வாதம் சரி. அது ஈரோட்டிலேயே கிடைக்கும்.

கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தில் இருந்த கடைகள் இப்போது பக்கத்தில் குன்னத்தூர் சத்திரம் கட்டடத்துக்குப் போய்விட்டன. அங்கே தையற்காரர்கள் உண்டு, அவசரத்துக்கு அன்றே தைத்துக் கொடுத்துப் பேர் வாங்கியவர்கள். காலையிலேயே ரவிக்கைத் துணியைக் கொடுத்துவிட்டு, எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது என்பதால் முதல் நாள் அங்கே நீங்கள் எடுக்காத படங்களை எல்லாம் இந்த வீதிகளில் எடுங்கள். சித்திரை வீதிகளில் வண்டி கிடையாது. அம்மா பயமில்லாமல் நடக்கலாம், கால் வலித்தால் உட்காரலாம். அன்றைக்கு எல்லோரும் அம்மாவின் வேகத்தில்தான் நடக்க வேண்டும். கடையில் அவர் ஒரு டம்ளரை எடுத்துத் தட்டிப் பார்த்து, வைத்துவிட்டு, மறுபடி எடுத்தால், நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இதற்காகவே அந்த நாள் வேண்டும். காரில் ஆறு இடம் போகிறவர்கள் வழியில் கிடைத்ததைத் தின்பார்கள். மதுரையிலோ ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. அசைவம் உண்டென்றால், மதியம் ஒரு மெஸ்ஸில் அயிரை மீன் குழம்பு, சுக்கா. கறிதோசை உண்டா என்றும் கேளுங்கள். தோசை மேல் முட்டை, அதன் மேல் கொத்துக்கறி. ஒன்றை வாங்கி மூன்று பேர் பங்கு வையுங்கள், இல்லையென்றால் மாலைக்கு வயிற்றில் இடமிருக்காது. அதன் பிறகு அறைக்குப் போய்ப் படுங்கள். அந்த நேரத்தில் கோயில் நடையே சாத்தித்தான் இருக்கும், நாலு மணிக்குத்தான் திறப்பார்கள்.

மாலையில் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். பிள்ளைகள் பிறகு வீட்டில் பேசப்போவது இதைத்தான். அம்மாவுக்குக் குளிர்ச்சி ஒத்துக்காது என்றால் தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கிக் கொடுங்கள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பாலெடுத்து, கருப்பட்டியோ வெல்லமோ சுக்கும் போட்டுக் காய்ச்சியது. சூடாக, கெட்டியாக இருக்கும். இரவு இட்லிக்கு அவசரமே வேண்டாம், தூங்கா நகரம் என்று சும்மா பேர் வரவில்லை. நாளங்காடி, அல்லங்காடி என்று பகல் கடைக்கும் இரவுக் கடைக்கும் தனித்தனிப் பேர் வைத்து மதுரைக்காஞ்சி பாடிய ஊர் இது.

பிள்ளைகள் கையில் ஆளுக்கு இருநூறு ரூபாய் கொடுத்து, என்ன வாங்கினாலும் கேட்காமல் விட்டுவிடுங்கள். மகன் மரப்பம்பரம் வாங்குவானோ, ஒரே தெருவில் நாலு ஜிகர்தண்டா குடிப்பானோ, அது அவன் கணக்கு.

பூவை மறக்காதீர்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் அதற்கு முன்பே அதன் வாசனை ஊருக்குத் தெரியும். மாலை ஐந்து மணிவாக்கில், இன்னும் விரியாத மொட்டாகப் பார்த்து வாங்குங்கள். பூக்காரம்மா தன் முழங்கையில்தான் அளப்பார். மனைவிக்கு இரண்டு முழம், அம்மாவுக்கு இரண்டு முழம், மகள் கேட்டால் அவளுக்கும். நீங்கள் அறைக்குத் திரும்பும் நேரத்துக்கு அது விரிந்துவிடும்.

உங்கள் பட்டியலில் மகள் கட்டாயம் பார்க்க வேண்டியது கீழடி அருங்காட்சியகம். அது மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மூன்றாம் நாள் காலையில் போனால் பிற்பகல் ரயிலுக்குத் தாராளமாக வந்துவிடலாம். திருப்பரங்குன்றமும் அழகர்கோவிலும் அடுத்த முறைக்கு இருக்கட்டும். கார்க்காரருக்கு இன்றே போன் போட்டு, இரண்டாம் நாள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.