கணையக் கல்லும் வாழைத்தண்டுச் சாறும்

கேள்வி: என் கணவருக்கு வயது 36. மேல்வயிற்றில் வலி தொடங்கினால் முதுகு வரை துளைக்கிறது. தலையணையை வயிற்றோடு அணைத்துக் குனிந்தபடியே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். கணையத்தில் கற்கள் இருக்கின்றனவாம். ஒரே ஆண்டில் இரண்டு முறை எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் என்னும் சிறு குழாய் வைத்தும் வலி நிற்கவில்லை. இப்போது அறுவை சிகிச்சை என்கிறார்கள். கணையத்தில் கத்தி பட்டால் சர்க்கரை வரும் என்று மாமியார் தடுக்கிறார். வாழைத்தண்டுச் சாறு கொடுத்து வருகிறோம். அவர் மதுவைத் தொட்டதே இல்லை. உறவினர்கள் நம்ப மறுக்கிறார்கள்.
– ஒரு வாசகி, பாபநாசம்

பதில்: உறவினர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். குடிக்காதவர்களுக்கும், அதிலும் இளம் வயதிலேயே, கணையத்தில் கல் சேரும் ஒரு வகை தென்னிந்தியாவில் நெடுநாளாக அறியப்பட்டது. அந்த மனிதரைச் சும்மா விடுங்கள்.

வாழைத்தண்டைக் கூட்டு வைத்துச் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும். சிறுநீரகக் கல்லுக்காக நம் பக்கத்தில் குடிக்கும் அந்தச் சாறு கணையக் கல்லைக் கரைக்காது. நான் எடுத்த கற்கள் பவளக்கொடி போலக் கிளைத்து, வெள்ளையாக இருந்தன. தட்டில் போட்டால் ‘டங்’ என்று ஒலிக்கும்.

வாய்க்கால் நெடுகத் தூர்ந்து கிடக்கும்போது மதகை மட்டும் திறந்தால் தண்ணீர் பாயுமா? ஸ்டென்ட் பலருக்கு உதவுகிறது. உங்கள் கணவருக்கு இரண்டு முறை பார்த்தாகிவிட்டது. அறுவையில் கணையச் சாறு ஓடும் நாளத்தை நீளவாக்கில் திறந்து கற்களை எடுப்போம். தலைப்பகுதி தடித்திருந்தால் அதைக் குடைந்தெடுப்போம். பிறகு சிறுகுடலின் ஒரு பகுதியைக் கொண்டுவந்து மேலே தைத்துவிட்டால் கணையச் சாறு நேராகக் குடலில் இறங்கும். ஃபிரே என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரால் 1987 முதல் வழங்கும் முறை இது. தள்ளிப்போடுவதை நான் ஏற்பதில்லை. நெதர்லாந்தில் 88 பேரிடம் செய்து 2020இல் வெளியான ஆய்விலும், முன்கூட்டியே அறுவை செய்துகொண்டவர்களுக்கே வலி குறைவாக இருந்தது.

மாமியாரின் பயம் வெறும் பயமல்ல. ஆனால் இன்சுலின் சுரக்கும் செல்களை நோயே மெல்ல மெல்லத் தின்கிறது. அறுவை செய்யாவிட்டாலும் சர்க்கரை வரலாம். இந்த முறையில் கணையத்தின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். வலி பெரும்பாலோருக்கு நன்றாகக் குறைகிறது, எல்லோருக்கும் அல்ல. சர்க்கரை ஏற்கெனவே வந்திருந்தால் அது போகாது. கசிவு, தொற்று போன்ற ஆபத்துகளும் உண்டு. இந்த அறுவையை அடிக்கடி செய்யும் மருத்துவரிடமே போங்கள்.

செரிமானத்துக்கான என்சைம் மாத்திரை தந்திருந்தால் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும். கை கழுவிய பிறகு அல்ல. புகைபிடிப்பவராக இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பழைய ஸ்கேன் படங்களையும் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் கேள்வியை அவரே கேட்கட்டும்.