48 வீட்டுக்கு ஒரு போர்வெல், ஒரு டேங்க்: தண்ணீர்க் கணக்கு எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் லேஅவுட்டுக்கு ஒரே போர்வெல், ஒரே டேங்க். வீட்டுக்கு வீடு மீட்டர் இருக்கிறது. கணக்கை எப்படி எழுதி, எதைப் பார்ப்பது?

பல்லடம் பக்கம் எங்கள் காலனியில் மீட்டர் நோட்டு நான்கு வருடமாக என் கையில்தான் இருக்கிறது. வீட்டு மீட்டரை மட்டும் எழுதினால் சண்டைதான் மிஞ்சும். டேங்கிலிருந்து தண்ணீர் இறங்கும் குழாயிலும் ஒரு மீட்டர் போடுங்கள். இறங்கியது எவ்வளவு, வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். எல்லா மீட்டரையும் ஒரே நாளில் எழுத வேண்டும். இன்றைக்குப் பாதி, நாளைக்கு மீதி என்றால் கணக்கு ஒத்துவராது.

முதல் கோடையில் ஒரு ஆத்தா வீட்டு மீட்டர் மற்ற வீடுகளைப் போல இரண்டு மடங்கு காட்டியது. "ஏனுங்க தம்பி, நானென்ன தோட்டத்துக்கா பாய்ச்சறேன்?" என்று கண் கலங்கிவிட்டார். குழாய்களையெல்லாம் மூடிவிட்டு மீட்டரைக் குனிந்து பார்த்தோம். கண்ணாடிக்குள் அந்தச் சின்னச் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. கக்கூஸ் ஃப்ளஷ் டேங்கில் வாஷர் போயிருந்தது, அவ்வளவுதான். மீட்டர் கூடக் காட்டினால் ஆளைக் கேட்பதற்கு முன்னால் சக்கரத்தைப் பாருங்கள்.

அப்புறம் ராத்திரிக் கணக்கு. இதை விட்டுவிடாதீர்கள். யாரும் வீட்டுத் தொட்டி நிரப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 11 மணிக்கும் விடிகாலை 4 மணிக்கும் டேங்க் மீட்டரை எழுதினோம். ஊரே தூங்கிய 5 மணி நேரத்தில் 3,000 லிட்டர் இறங்கியிருந்தது. நிமிடத்துக்கு 10 லிட்டர். அதே வேகத்தில் ஒரு நாள் முழுக்கப் போனால் 14,400 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குக்கு 260 பேருக்கான தண்ணீர் இது. எங்கள் காலனியிலேயே அத்தனை பேர் இல்லை! விடிந்ததும் லைனோடு நடந்தோம். சித்திரை வெயிலில் எல்லா இடமும் காய்ந்து கிடக்க, மூன்றாவது வீதி கேட் வால்வுக்குப் பக்கத்தில் மட்டும் அருகம்புல் பச்சையாக நின்றது. தோண்டினால் ஜாயின்ட் விட்டிருந்தது.

மோட்டார் ஓடிய நேரத்தையும் எழுதுங்கள். எங்கள் டேங்க் நிரம்ப தை மாதம் 4 மணி நேரம் ஆகும், சித்திரையில் ஐந்தரை. நேரம் கூடினால் போர்வெல்லில் தண்ணீர் மட்டத்தை அளந்து பாருங்கள். மட்டம் இறங்காமல் நேரம் மட்டும் கூடியிருந்தால் மோட்டாரைத் தூக்கிப் பார்க்க வேண்டியதுதான்.