நிறம் மாறும் கற்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பாட்டியின் மோதிரக் கல் பகலில் சாம்பல் கலந்த நீலமாகவும், இரவில் குண்டு பல்பு வெளிச்சத்தில் ஊதாவாகவும் தெரிகிறது. கல் பெரியது, உள்ளே ஒரு மாசுகூட இல்லை. அலெக்ஸாண்ட்ரைட் என்று சொல்லித்தான் வாங்கினார்களாம். நல்ல விலை போகுமா?

பதில்: நீங்கள் சொன்ன எல்லா அடையாளமும் அதற்கு எதிராகவே இருக்கிறது. நல்ல அலெக்ஸாண்ட்ரைட் பகலில் பச்சை. குண்டு பல்பிலோ மெழுகுவத்தியிலோ சிவப்பு. உங்களுடையது பெரும்பாலும் வனேடியம் என்ற உலோகம் சேர்த்து உருக்கி எடுத்த செயற்கைக் கொரண்டமாக இருக்கும். கொரண்டம் என்பது மாணிக்கமும் நீலக்கல்லும் சேர்ந்த கனிமம். இதைப் பல தலைமுறைகளாக அலெக்ஸாண்ட்ரைட் என்ற பெயரில் விற்றிருக்கிறார்கள். அதனால் பாட்டி காலத்து மோதிரம் என்பது சான்றே ஆகாது.

சோதிப்பது எளிது, கல்லைக் கழற்றக்கூட வேண்டியிருக்காது. கல்லுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் கருவியில் அளந்து சொல்வதுதான் ஒளிவிலகல் எண். அது 1.746 முதல் 1.755 வரை வந்தால் அலெக்ஸாண்ட்ரைட்டுக்குப் பொருந்தும், 1.762 முதல் 1.770 வரை வந்தால் கொரண்டம். அப்புறம், நிறம் மாறும் இயற்கை நீலக்கல்லும் உண்டு, அதற்கும் இதே கொரண்டம் எண்தான். அதனால் பூதக்கண்ணாடியில் உள்ளே பார்க்க வேண்டும். வளைந்த கோடுகள் தெரிந்தால் செயற்கை, பேச்சு முடிந்தது.

கேள்வி: என் கல் விளக்கை மாற்றாமலே, திருப்பினால் நிறம் மாறுகிறது. இதுவும் அந்த வகையா?

பதில்: இல்லை. அது பார்க்கும் திசையைப் பொறுத்த மாற்றம். டான்சனைட், அயோலைட் என்ற கற்களில் நன்றாகத் தெரியும். கல்லை அசைக்காமல் விளக்கை மட்டும் மாற்றிப் பாருங்கள். வெள்ளை எல்இடி கிட்டத்தட்டப் பகல் வெளிச்சம் போலத்தான், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: அலெக்ஸாண்ட்ரைட் ஏன் இவ்வளவு விலை?

பதில்: வைடூரியம் எந்தக் கனிமமோ அதே கிரிசோபெரில்தான் இதுவும். அதில் பெரிலியம் இருக்கும். கூடுதலாகக் கொஞ்சம் குரோமியம் வேண்டும், சிக்கல் அங்கேதான். பெரிலியமும் குரோமியமும் வெவ்வேறு வகைப் பாறைகளில் சேர்பவை. இரண்டும் ஓரிடத்தில் சந்திப்பது அபூர்வம். 1830களில் ரஷ்யாவின் யூரல் மலையில் கிடைத்தது. 1987-இல் பிரேசிலின் ஹெமாட்டிடாவில் அருமையான கற்கள் வந்தன. இலங்கையிலும் பெரிய கற்கள் கிடைக்கும், ஆனால் நிறமாற்றம் பல நேரம் மந்தம்.

குரோமியம் மஞ்சள் ஒளியை விழுங்கிவிட்டு, பச்சையையும் சிவப்பையும் வெளியே விடுகிறது. வரும் வெளிச்சத்தில் எது அதிகமோ அந்தப் பக்கம் கல் சாய்கிறது. விலையைத் தீர்மானிப்பதும் இந்தச் சாய்வுதான். பழுப்பு கலந்து அரைகுறையாக மாறும் பெரிய கல்லைவிட, சுத்தமான பச்சையிலிருந்து சுத்தமான சிவப்புக்குத் தாவும் சின்னக் கல்லையே நான் எடுப்பேன். 'ரஷ்யக் கல்' என்று கூடுதல் விலை கேட்டால் ஆய்வக அறிக்கை கேளுங்கள். அதிலும்கூடப் பிறப்பிடம் என்பது நிபுணரின் கருத்துதான்.

கேள்வி: ஆய்வகத்தில் வளர்த்த அலெக்ஸாண்ட்ரைட் போலியா?

பதில்: சொல்லி விற்றால் போலி இல்லை. வேதிப்பொருளும் நிறமாற்றமும் அசலே. விலைதான் மிகக் குறைவு. ஒளிவிலகல் எண்ணை வைத்து இதைப் பிரிக்க முடியாது, உள்மாசுகளைப் பார்க்கத் தெரிந்த ஆய்வகம் வேண்டும்.

கேள்வி: துருக்கியில் கிடைக்கும் நிறம் மாறும் டயாஸ்போரை மோதிரமாகப் போடலாமா?

பதில்: அழகான கல்தான், ஆனால் வைரத்துக்கு 10 என்று வைக்கும் மோஸ் அளவில் இதன் கடினம் 6.5 முதல் 7 வரைதான். ஓங்கி இடித்தால் ஒரு தளத்தில் பிளந்துவிடும். தோடாகவோ பதக்கமாகவோ போடுங்கள். இதற்குக் கண்ணாடிப் போலிகளும் நிறைய உண்டு, அதையும் சோதித்தே வாங்குங்கள்.