ஒப்பந்தம் செப்டெம்பர் 30இல் முடியட்டும்

கேள்வி: ஐயா, நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். வயது 39. கொழும்பில் ஒரு தனியார் உயர்கல்வி நிறுவனத்தில் 11 வருடங்களாகக் கணினி விரிவுரையாளர். எங்களோடு உடன்படிக்கை வைத்திருக்கும் ஜப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்று, வருகின்ற ஏப்ரல் 1 தொடக்கம் செப்டெம்பர் 25 வரை வருகைதரு விரிவுரையாளராக வரும்படி கேட்டிருக்கிறது. முழுநேர நியமனம். மாதம் 380,000 யென், அதில் வரியும் சமூகக் காப்புறுதியும் பிடிப்பார்கள். விருந்தினர் விடுதியில் அறைக்கு 45,000 யென். டிக்கெட்டை நானே வாங்கி, அங்கே போய் பில்லைக் கொடுத்தால் காசைத் திருப்பித் தருவார்கள். இங்கே என் சம்பளம் 220,000 ரூபா. அந்த ஆறு மாதமும் சம்பளமற்ற விடுமுறை. வீட்டுக் கடனுக்கு மாதம் 68,000 கட்டுகிறோம். கணவரும் வேலை செய்கிறார், இரண்டு பிள்ளைகள். கையிருப்பு அதிகமில்லை. 50,000 ரூபாச் சீட்டொன்றில் 12 பேரில் ஒருத்தியாக இருக்கிறேன், என் முறை ஜூனில்தான். டிக்கெட்டுக்கும் ஆரம்பச் செலவுக்கும் 10 பவுண் நகையை அடகு வைக்கலாமா? ஆறு மாதத்தில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?

பதில்: சகோதரி, நகையைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது செப்டெம்பர் 25 என்ற திகதி. அதற்கு வருமுன் மிச்சக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நீங்கள் நினைப்பது போல இல்லை.

ஓர் ஆண்டுக்குக் குறைவாகத் தங்க வருபவரை ஜப்பான் வரிச் சட்டம் வதிவற்றவர் என்று எடுத்துக்கொள்ளும். அவருடைய சம்பளத்தில் எந்தக் கழிவும் இல்லாமல் 20.42 வீதம் வரி பிடிபடும். 380,000 யென்னில் அது 77,596. ஊழியர் ஓய்வூதியத்துக்கு உங்கள் பங்கு 9.15 வீதம், அதாவது 34,770. சுகாதாரக் காப்புறுதிக்கு ஏறத்தாழ 19,000. கையில் வருவது இரண்டரை இலட்சம் யென்னுக்குச் சற்றுக் குறைவு. அறை வாடகை, சாப்பாடு, ரயில், தொலைபேசி எல்லாமாக, சிக்கனமாக இருந்தாலும் 125,000 போகும். மிஞ்சுவது ஏறத்தாழ 123,000 யென். ஒரு யென்னை இரண்டு ரூபா என்று வைத்தால் 246,000 ரூபா.

இனி இங்கே நீங்கள் இழப்பதைப் பாருங்கள். 220,000 சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கான உங்கள் 8 வீதமும், வருமான வரியாக 4,200 ரூபாவும் போனால் கையில் 198,200. அந்த 8 வீதமும் (17,600) உங்கள் சேமிப்புத்தான். அதற்கு மேல் தொழில் தருநர் சேமலாப நிதிக்குக் கட்டும் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குக் கட்டும் 3 வீதம் இரண்டும் சேர்ந்து மாதம் 33,000. கூட்டிப் பாருங்கள்: 248,800. சம்பளமற்ற விடுமுறையில் இவ்வளவும் நின்றுவிடும்.

ஆக, ஜப்பானில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்ப்பதும், கொழும்பில் இருந்தபடியே உங்களுக்கு வருவதும் ஏறக்குறைய ஒன்று. இங்கே உங்கள் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் போகும் காசு மிஞ்சும், அவ்வளவுதான். இதைப் போகவேண்டாம் என்று சொல்வதற்காக எழுதவில்லை. அந்த வகுப்பறை அனுபவம் உங்கள் அடுத்த பதவி உயர்வில் பேசும், போங்கள். ஆனால் இந்தப் பயணத்தின் இலாபம் சம்பளத்தில் இல்லை. கையெழுத்து வைக்குமுன் மாற்றச் சொல்லிக் கேட்கும் இரண்டு மூன்று விடயங்களில்தான் இருக்கிறது.

முதலாவது அந்தத் திகதி. ஜப்பானில் ஓய்வூதியப் பங்களிப்புக் கட்டிய வெளிநாட்டவர், நாட்டை விட்டுப் போன பிறகு அதில் ஒரு பகுதியை ஒரே தொகையாகத் திரும்பக் கேட்கலாம். அதற்கு ஆகக் குறைந்தது ஆறு மாதம் கட்டியிருக்க வேண்டும். மாதத்தை எண்ணும் முறையில்தான் வில்லங்கம். வேலை தொடங்கிய மாதம் எந்த நாளில் தொடங்கினாலும் கணக்கில் சேரும். முடியும் மாதம், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை வேலையில் இருந்தால் மட்டுமே சேரும். செப்டெம்பர் 25இல் ஒப்பந்தம் முடிந்தால் உங்கள் கணக்கில் ஐந்து மாதம்தான். கட்டிய 173,850 யென்னில் ஒரு யென்கூடத் திரும்பாது. 30ஆம் திகதி முடிந்தால் ஆறு மாதம். அப்போது 208,620 யென் கட்டியிருப்பீர்கள், சராசரிச் சம்பளத்தின் அரைப்பங்கு, அதாவது 190,000 யென் திரும்ப வரும். அதில் 20.42 வீதம் வரி பிடித்து 151,000 கைக்கு வரும். கூடுதலாகக் கட்டிய ஒரு மாதத்தையும் கழித்துப் பார்த்தால், அந்த ஐந்து நாளின் பெறுமதி உங்களுக்கு 116,000 யென்னுக்கு மேல். எங்கள் காசில் இரண்டு இலட்சத்து முப்பதாயிரம்.

இதே நிலைமையில் ஒருவர் போய் வந்த பிறகு என்னிடம் வந்தார். மேசையில் ஒப்பந்தத்தை விரித்து, கடைசி வகுப்பு நடந்த நாளையே முடிவுத் திகதியாகப் போட்டிருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். யாரும் அவரை ஏமாற்றவில்லை. பருவம் முடிகிற நாளை எழுதியிருந்தார்கள், இவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். நீங்கள் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. “விடைத்தாள் திருத்தி, புள்ளிகள் ஒப்படைத்து முடிக்க மாதக் கடைசி வரை தேவை” என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். அது பொய்யும் அல்ல. விரிவுரையாளருக்கு வகுப்போடு வேலை முடிவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

இரண்டாவது, கொழும்பு நிறுவனம். நீங்கள் சொந்த அலுவலாகப் போகவில்லை, இரண்டு நிறுவனங்களின் உடன்படிக்கையின் பேரில் போகிறீர்கள். அதனால் இதைச் சம்பளமற்ற விடுமுறை என்று ஏற்காமல், கடமை நிமித்தம் விடுவிப்பதாகக் கடிதம் கேளுங்கள். முழுச் சம்பளம் தராவிட்டாலும் அடிப்படைச் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தந்து, அதற்குரிய சேமலாப நிதியையும் நம்பிக்கை நிதியத்தையும் கட்டச் சொல்லுங்கள். சேவைக்காலம் முறியாது என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும், பணிக்கொடைக் கணக்கு அதில்தான் நிற்கிறது. திரும்பி வந்து இத்தனை வருடம் வேலை செய்வேன் என்று பிணை எழுதித் தரக் கேட்டால், தொகையைப் பார்க்காமல் ஒப்பமிடாதீர்கள்.

மூன்றாவது, வருமான வரி. இலங்கைக்கும் ஜப்பானுக்கும் இடையில் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் 1960களிலிருந்தே இருக்கிறது. வருகைதரு ஆசிரியர்களுக்கான வரி விலக்கு ஏற்பாடு உங்களுக்குப் பொருந்துமா என்று அந்தப் பல்கலைக்கழகச் சம்பளப் பிரிவிடம் இப்போதே கேளுங்கள். பொருந்தினால் அதற்குரிய படிவம் முதல் சம்பளம் தருவதற்கு முந்தின நாளுக்குள் அவர்கள் மூலமாகப் போயிருக்க வேண்டும். போன பிறகு ஆறுதலாகப் பார்க்கிற வேலை இல்லை.

ஆனால் ஜப்பான் விட்டுக்கொடுத்த வரி முழுவதும் உங்களுடையது என்று எண்ணி அதைச் செலவழித்துவிடாதீர்கள். குடும்பமும் வீடும் இங்கே இருக்க ஆறு மாதம் போய் வருகிறவர் இலங்கை வரிச் சட்டத்தில் வதிவாளராகவே இருப்பார், அவருடைய உலக வருமானம் முழுவதும் இங்கே கணக்கில் வரும். 2025 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டவருக்குச் செய்யும் சேவைக்கான வருமானத்தை வெளிநாட்டு நாணயமாக வங்கி ஊடாகக் கொண்டுவந்தால் வரி ஆகக் கூடியது 15 வீதம். உங்களுடையது சம்பளம் என்பதால் அது இந்தச் சலுகைக்குள் வருமா, சாதாரண வீதத்துக்குள் வருமா என்பதை ஒரு வரி ஆலோசகரிடம் ஒப்பந்தத்தைக் காட்டி எழுத்தில் வாங்குங்கள். இரண்டுக்கும் இடையில் சில இலட்சங்கள் வித்தியாசம் வரும். ஜப்பானில் வரி பிடித்தால், பிடித்ததற்கான அத்தாட்சியை வாங்கி வையுங்கள், இங்கே கட்ட வேண்டியதில் அதைக் கழிக்கலாம். ஏப்ரலில் தொடங்கும் வரியாண்டு என்பதால் உங்கள் வரி விபரத்திரட்டு அதற்கடுத்த வருடம் நவம்பர் 30க்குள் போக வேண்டும். இங்கே வரியைக் கட்டி முடிக்கும் வரை விலக்குக் கிடைத்த காசை அசையாமல் வையுங்கள்.

இதனால்தான் உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் கைமாற்றும் வழியில், காசு அனுப்பவேண்டாம் என்கிறேன். வெள்ளவத்தையில் இருக்கிற உங்களுக்கு உண்டியல் எவ்வளவு சுலபம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதில் வந்த காசுக்கு வங்கிப் பதிவு இல்லை, பதிவு இல்லாவிட்டால் சலுகையும் இல்லை. போகுமுன் இங்கே உங்கள் பெயரில் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கொன்றைத் திறவுங்கள், யென்னிலேயே வைத்திருக்கலாம். வீட்டுக்குத் தேவையானதை மட்டும் மாதாமாதம் ரூபாவாக மாற்றுங்கள். 2022 மார்ச்சில் டொலர் இருநூறு சொச்சத்திலிருந்து சில வாரங்களில் முந்நூற்றுச் சொச்சத்துக்குப் போனதைப் பார்த்தோம். யென்னும் 2024இல் ஒரு டொலருக்கு 160 வரை விழுந்தது. எந்தப் பக்கம் போகும் என்று நாணயத்தோடு பந்தயம் கட்டுகிற குடும்பம் அல்ல உங்களுடையது.

சரி, நகை. வேண்டாம் என்பதே என் பதில். ஆரம்பத்தில் உங்களுக்கு வேண்டியது இரண்டு மாதச் செலவு, 250,000 யென், அதாவது ஐந்து இலட்சம் ரூபா. ஏப்ரல் கடைசியில் முதல் சம்பளம் என்பார்கள். வதிவிட அட்டை விமான நிலையத்திலேயே கிடைத்தாலும், 14 நாளுக்குள் நகரசபையில் முகவரியைப் பதிந்து, அதற்குப் பிறகு வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டும். வந்து ஆறு மாதம் ஆகாதவருக்குக் கணக்குத் திறக்க வங்கிகள் தயங்கும், பல்கலைக்கழகத்தின் வேலைக் கடிதம் கையில் இருந்தால்தான் சுலபம். அது பிந்தினால் சம்பளமும் மே மாதத்துக்குப் போய்விடும். ஐந்து இலட்சம் அதற்காகத்தான். விடுதி அறையை விடாதீர்கள். வெளியில் வீடு எடுத்தால் முற்பணம், வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத அன்பளிப்புப் பணம், உத்தரவாத நிறுவனத்தின் கட்டணம் என்று நாலைந்து மாத வாடகை முதல் நாளே போகும். உள்ளே போனால் காஸ் அடுப்புக்கூட இருக்காது.

இந்த ஐந்து இலட்சத்துக்குச் சீட்டு இருக்கிறதே. 12 பேர், 50,000, ஆறு இலட்சம். மார்ச் முறைக்காரரிடம் பேசி ஜூனை அவருக்குக் கொடுத்து நீங்கள் மார்ச்சை எடுங்கள். ஏலமில்லாத சீட்டென்றால் சீட்டுப் பிடிக்கும் அக்காவின் ஒரு சொல்லில் முடியும். ஏலச் சீட்டென்றால் கழிவு எவ்வளவு போகிறது என்று பார்த்து, அடகு வட்டியோடு ஒப்பிடுங்கள். டிக்கெட்டைப் பல்கலைக்கழகமே நேரடியாக வாங்கித் தரும்படி கேளுங்கள், பல இடங்களில் செய்கிறார்கள். மறுத்தால் மிஞ்சும் ஒரு இலட்சத்தோடு கொஞ்சம் சேர்த்து வாங்கலாம். நகையை அடகு வைத்துப் போனால் அடகுச் சீட்டு உங்கள் பெயரில் இருக்கும், நீங்கள் அங்கே இருப்பீர்கள். தவணை வரும்போது கணவர் அலைவார்.

வீட்டில் ஓட வேண்டியவற்றைப் போகுமுன் ஒழுங்குபடுத்துங்கள். கடன் தவணை 68,000 கணவரின் கணக்கிலிருந்து நிலையான கட்டளையாகப் போகட்டும். சீட்டுக் காசை மாதாமாதம் யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று பேசி வையுங்கள். வீட்டுப் பத்திரத்தில் ஏதாவது கையெழுத்து வரும் என்றால் மட்டும், உங்கள் சார்பில் கணவர் கையெழுத்து வைக்க, நொத்தாரிசிடம் அந்த ஓர் அலுவலுக்கான விசேட அற்றோணித் தத்துவம் எழுதுங்கள். எல்லா அதிகாரமும் கொடுக்கிற பொதுவானது வேண்டாம். உங்கள் கைத்தொலைபேசி இலக்கத்தைச் சாகவிடாதீர்கள். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த இலக்கத்துக்குத்தான் வரும், ரோமிங்கை இங்கேயே திறந்து ஒரு தடவை சோதியுங்கள். பட்டச் சான்றிதழ்களை அத்தாட்சிப்படுத்தச் சொன்னால் பத்தரமுல்லை சுகுருபாயவில் உள்ள கொன்சியூலர் பிரிவுக்கு இப்போதே போங்கள். ஜப்பானிலிருந்து வரும், விசாவுக்கான தகுதிச் சான்றிதழ் மூன்று மாதம்தான் செல்லும்.

செப்டெம்பர் கடைசியில் புறப்படுமுன் நகரசபையில் வெளியேறும் அறிவித்தலைக் கொடுங்கள். ஓய்வூதிய எண் உள்ள கடிதத்தை உங்களோடு கொண்டுவாருங்கள், தபாலில் வரும் என்று விட்டுவராதீர்கள். ஓய்வூதியத் தொகையைக் கேட்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு. இங்கிருந்தே தபாலில் அனுப்பலாம், உங்கள் பெயரிலுள்ள இலங்கைக் கணக்குக்கே காசு வரும். படிவத்தில் கணக்கு விபரத்துக்கு வங்கியின் முத்திரை கேட்பார்கள். ஒக்டோபரில் பிள்ளைகளோடு நாலு நாள் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் காலி வீதியிலுள்ள உங்கள் வங்கிக் கிளைக்கு அந்தப் படிவத்தோடு போங்கள்.