ஆள் கணக்கை விட்டுவிட்டு மணிக்கணக்கைப் பிடியுங்கள்
வணக்கம். எட்டுப் பேர், வாரம் 1200 உருப்படி செய்த இடத்தில் இப்போது 1380 வருகிறது, ஆனால் லாபம் மட்டும் கூடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆளுக்கு 150 என்பது 172.5 ஆனதால் உற்பத்தித்திறன் உயர்ந்ததாகத் தெரிகிறது. வாரத்துக்கு மொத்தம் 80 மணி நேரம் ஓவர்டைம் என்றும் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

முன்பு வாரத்துக்கு ஆளுக்கு 50 மணி நேரம், எட்டுப் பேருக்கு மொத்தம் 400. 1200-ஐ 400-ஆல் வகுத்தால் மணிக்கு 3. இப்போது ஓவர்டைமையும் சேர்த்தால் 480 மணி நேரம். 1380-ஐ 480-ஆல் வகுங்கள், 2.875 தான் வரும். அதிலும் 60 உருப்படி சரியில்லாமல் மறுவேலைக்குத் திரும்பியதென்றால் அவற்றைக் கழிக்க வேண்டும். 1320-ஐ 480-ஆல் வகுத்தால் 2.75. முந்தைய 1200-லும் இதே கழிவைச் செய்துதான் ஒப்பிட வேண்டும். மறுவேலைக்கு ஆன நேரத்தை மட்டும் மணிக்கணக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள், அதற்கும் கூலி கொடுத்திருக்கிறீர்கள்.

சரி, பெரியதும் சிறியதும் கலந்து ஓடுகிறதே என்று கேட்டிருந்தீர்கள். சிறியதற்கு 10 நிமிடம், பெரியதற்கு 30 நிமிடம் என்றால் ஒரு பெரியதை மூன்று சிறியதாக எண்ணுங்கள்.

அப்புறம், மெஷின் நின்ற நேரத்தைத் தனி நோட்டில் எழுதி வையுங்கள். பாதிச் சரிவு அங்கிருந்து வந்திருந்தால் ஆட்களைக் குறை சொல்வது நியாயமே இல்லை. நான்கு வாரக் கணக்கை எடுத்து இங்கே போடுங்கள், சேர்ந்தே பார்ப்போம்.